ஒன்றரை அடி

குசினியில்
பிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவே
ஒன்றரை அடி இடம்.
முன்பு அதில் சிலிண்டர் நின்றது.
தட்டுப்பாடு முடிந்து கேஸ் வந்தபோது
கிளமென்ட் சுவரைத் துளைத்துக் குழாயை விட்டு
சிலிண்டரை வெளியே வைத்துவிட்டார்.
வெடித்தால் வளவுக்குள் வெடிக்கட்டுமாம்.

சீமெந்தில் அதன் அடிவட்டம்
துருநிறத்தில் மிஞ்சியது.
எலுமிச்சம்பழம், சாம்பல், பிளீச்,
எதற்கும் மசியவில்லை.
அந்த வட்டத்தின் மேல்
பெயின்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டிருக்கிறேன்.

தட்டு ஒன்று அடிக்கலாமென்று
இரண்டு தரம் அளவுநாடா பிடித்தார்.
மரம் விலை இறங்கட்டும் என்றேன்.
பொய்யில்லை.
முழு உண்மையும் இல்லை.

வேலை கச்சேரியில்.
பிறப்பு, இறப்பு, விவாகப் பிரதிகள் கொடுக்கும்
கண்ணாடித் துவாரத்துக்கு இந்தப் பக்கம்.
இன்று மூதூரிலிருந்து வந்த ஒருவர்
தகப்பன் பெயரில் ஓரெழுத்து இல்லையென்று
மூன்று தரம் கண்ணாடியைத் தட்டினார்.
பிழை நான் விட்டதல்ல,
எழுபத்தெட்டில் எவரோ அவசரத்தில் விட்டது.
ஆனாலும் என்னிடந்தான் கோபிக்க முடியும்,
உயிரோடு முன்னால் இருப்பது நான்தானே.
அந்தத் தட்டல்
பஸ்ஸிலும் கூடவே வந்தது,
டிக்கெட் எடுக்காமல்.

வழமையில்
பாலையூற்றுச் சந்தியில் இறங்கி வந்ததும்
கைப்பையை அரிசிப் பேணியின் மேல் வைத்து
சேலையோடு வாளியில் இருந்துவிடுவேன்.
வலது தோளில்
பகல் முழுக்க வெயில் குடித்த சுவரின் இளஞ்சூடு.
இடது தோளில் பிரிட்ஜின் நடுக்கம்.
ஓர் ஆளுக்குக் கொஞ்சம் குறைவான இடம்.
மிச்ச ஆளை வெளியே விட்டுவிட்டுத்தான்
நுழையவேண்டும்.

ஐந்தே முக்காலுக்குக்
குழாய் ஓட்டையால்
ஒரு மொச்சைக்கொட்டை வெளிச்சம் விழும்.
முதலில் முழங்காலில்.
சூரியன் இறங்க இறங்க அது ஏறி
பிரிட்ஜின் பக்கத்தில் மகள் ஒட்டிய
ஆமையின் முதுகுக்குப் போகும்.
அதைப் பார்ப்பதுதான் நான் செய்வது.
தியானம் என்று சொல்ல வெட்கமாயிருக்கிறது.
மூச்சை எண்ணச் சொல்கிறார்கள்,
ஏழுக்குப் பிறகு அது
நாளைய டோக்கன் நம்பராகிவிடுகிறது.
ஆகவே எண்ணுவதில்லை.
"அம்மா, உங்களுக்குப் பனிஷ்மென்டா?"
என்று அபிஷா ஒருநாள் கேட்டாள்.
ஓமென்று சொல்லிவைத்தேன்,
அப்போதுதான் தள்ளி நிற்பாள்.

பிரிட்ஜ் உறுமும்.
ஒருமுறை குலுங்கி நிற்கும்.
நின்ற பிறகுதான் தெரியும்
இவ்வளவு நேரமும் அது உறுமிக்கொண்டிருந்தது.
அந்தச் சந்தில்
வீடு தன் சத்தங்களைக் கொண்டுவந்து தரும்.
இறுக மூடாத பைப்பின் சொட்டு.
கூரைத் தகட்டில் உரசிப் போகும் கச்சான்.
பாண்காரனின் ஆட்டோப் பாட்டு.
எல்லாவற்றுக்கும் பின்னால்
துறைமுகத்தில் ஒரு கப்பல்,
நீளமாய், ஒரேயொரு தரம்.

இன்று பஸ் பிந்தியது.
நிலையத்து வாசலில் மான் ஒன்று
யாரோ போட்ட வாழைப்பழத் தோலை
மென்றுகொண்டு குறுக்கே நின்றது.
சாரதி ஹோர்ன் அடிக்கவில்லை.
அதுவும் அவசரப்படவில்லை.

வந்து பார்த்தால்
வாளியில் கிளமென்ட்.
முழங்கால் இரண்டும் நெஞ்சுவரை,
கையில் போனும் இல்லை.
சூடைமீன் பை
கேட்பாரற்றுத் தரையில் கிடந்தது.
குளியலறைக் கதவைத்
தட்டாமல் திறந்துவிட்டது போல
இருவருக்கும் கூச்சமாயிற்று.
"இந்த வட்டம் போகுதில்லை" என்றார்,
துருவைப் பெருவிரலால் தேய்த்துக்கொண்டு.
"போகாது" என்றேன்.

வெளிச்சம் அவர் சட்டையின்
மூன்றாவது பொத்தானில் இருந்தது.
நூல் தளர்ந்த பொத்தான்.
நான் மீனை எடுத்துக்கொண்டு
கிணற்றடிக்குப் போனேன்.

செதில் சுரண்டுகிற சத்தத்துக்குள்
எப்போதென்று தெரியவில்லை,
கண்ணாடியைத் தட்டிய மனிதர்
விரலை எடுத்துவிட்டிருந்தார்.
அவருடைய தகப்பன் பத்தக்குட்டி.
பதிவில் ஒரு 'க்' குறைந்த பத்தகுட்டி.
பத்தக்குட்டி, பத்தக்குட்டி என்று
இரண்டு தரம் சரியாகச் சொல்லிப் பார்த்தேன்.

தன்னைத்தான் கூப்பிடுகிறேனென்று
பூனை வந்து நின்றது.